பக்கத்து ஊர்தான், ஆனாலும் வேறு மாநிலம்

வேப்பனப்பள்ளியைச் சுற்றி இருக்கிற எங்களுக்கு மூன்று மாநிலமும் கைக்கெட்டும் தூரம்தான். ஒரு பக்கம் போனால் கோலார் மாவட்டம், இன்னொரு பக்கம் திரும்பினால் குப்பம். ஒரே வீட்டுக்குள் தமிழும் தெலுங்கும் பேசுவோம், சந்தைக்குப் போனால் கன்னடமும் வந்து சேரும். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. என் நாத்தனாரைக் கட்டிக் கொடுத்திருப்பதே குப்பத்துக்குப் பக்கத்தில்தான். அவர் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது சாலையோரப் பலகையைப் பார்த்தால்தான் ஆந்திரா வந்துவிட்டது என்று தெரியும்.

அதனால் பன்றி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வியில் வியப்பில்லை. “அக்கா, குப்பத்துல ஒருத்தர் பால்மறந்த குட்டி தர்றாராம். நம்ம பக்கத்தை விட விலை கம்மி. இங்க இருக்கிற ஊருதானே, ராத்திரி ஒரு பிக்கப் வெச்சு ஏத்திட்டு வந்துடலாமா? இதுக்கெல்லாமா பேப்பர் கேட்பாங்க?” மாதத்துக்கு ஒருவராவது இப்படிக் கேட்கிறார்கள். ஓசூர்க்காரர்கள் மாலூர், ஆனேக்கல் பக்கம் பார்த்துக் கேட்பார்கள். தளிக்காரர்கள் கனகபுரா பக்கம் பார்த்துக் கேட்பார்கள். ஊர்ப்பெயர் மாறும், கேள்வி மாறாது.

நான் வெண்பன்றி வளர்க்கிறேன். பெரிய பண்ணை இல்லை. குடும்பத்தில் இருக்கிறவர்களே பார்த்துக்கொள்ளும் அளவுக்குத் தாய்ப்பன்றிகளும் அவற்றின் குட்டிகளும் உண்டு. கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: பேப்பர் வேண்டும். பேப்பர் மட்டும் போதாது. இரண்டாவதாகச் சொன்னதை போனில் விளக்க முடிவதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். கால்நடை பராமரிப்பும் கால்நடை நோய்த் தடுப்பும் நம் அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் 15-வது இனம். மாட்டுக்கு ஊசி போடுவது, மருந்தகம் நடத்துவது எல்லாம் மாநில அரசின் வேலை. ஆனால் நோய் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குத் தாவுவதைத் தடுப்பது பொதுப் பட்டியலில் 29-வது இனமாக இருக்கிறது. மனிதருக்கோ, விலங்குக்கோ, பயிருக்கோ வரும் தொற்று எல்லை தாண்டாமல் பார்ப்பதில் மத்திய அரசுக்கும் பங்கு உண்டு என்று அரசியலமைப்பை எழுதியவர்களே யோசித்து வைத்திருக்கிறார்கள். இந்த 29-வது இனத்தைப் படித்தபோது எனக்கு அது எங்கள் ஊருக்காகவே எழுதியது போல இருந்தது. எல்லையோரத்தில் வாழ்கிறவர்களைத்தானே அது முதலில் தொடுகிறது.

அந்த அதிகாரத்தில் வந்ததுதான் 2009-ஆம் ஆண்டின் விலங்குகளில் தொற்றுநோய் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம். மாநில அரசு ஒரு பகுதியைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால் அங்கிருந்து கால்நடையை வெளியே கொண்டுபோக முடியாது, உள்ளே கொண்டுவருவதற்கும் நிபந்தனை உண்டு. தடுப்பூசிச் சான்று கேட்கலாம். அந்தப் பகுதியில் கால்நடைச் சந்தை கூடத் தடை போடலாம். எல்லையில் சோதனைச் சாவடியும் தனிமைப்படுத்தும் முகாமும் அமைக்கலாம், வண்டியை நிறுத்திப் பார்க்கலாம். இந்தச் சட்டத்தின் அட்டவணையில் பன்றிகளுக்கு வரும் நோய்கள் தனியாகவே இருக்கின்றன. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலும், இங்கே வெகுகாலமாக இருக்கிற பழைய பன்றிக்காய்ச்சலும் அதில் உண்டு.

இந்தச் சட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. நோய் இருக்கிறது என்று சந்தேகம் வந்தாலே தகவல் சொல்ல வேண்டிய கடமை வளர்ப்பவருக்கு உண்டு. யாரிடம் சொல்வது? கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ சொன்னால் போதும், அவர்கள் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிப்பார்கள். மாவட்டத் தலைநகருக்கு ஓட வேண்டியதில்லை. நோய் கண்ட உருப்படியை மற்றவற்றிலிருந்து பிரித்து, பொது இடத்துக்கு வராமல் வைத்திருப்பதும் வளர்ப்பவரின் பொறுப்பு. இந்த இரண்டையும் தெரிந்து வைத்திருக்கும் பன்றி வளர்ப்பவரை எங்கள் பக்கம் நான் அதிகம் பார்த்ததில்லை.

“எந்தப் படிவத்தை நிரப்பணும்?” என்று கேட்பவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். என்றைக்கும் மாறாத ஒரே படிவம் வைத்து நடக்கிற காரியம் இல்லை இது. நோய் நிலவரத்தைப் பார்த்து மாநிலங்கள் ஆணை போடும், தளர்த்தும், மறுபடி போடும். 2022 ஜூலையில் வயநாட்டில் மானந்தவாடிப் பக்கம் பண்ணைகளில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் உறுதியானது. அதே மாதம் கேரளம் வெளிமாநிலங்களிலிருந்து பன்றியும் பன்றி இறைச்சியும் வருவதையும் அங்கிருந்து போவதையும் தடை செய்தது. அந்தத் தடை பிறகு நீட்டிக்கப்பட்டது. நம் பக்கத்துப் பன்றிகளுக்குக் கேரள வியாபாரிகள் நல்ல வாடிக்கை. அந்த நாட்களில் விற்க வேண்டிய எடையைத் தாண்டி நின்ற பன்றிகளுக்குத் தீனி போட்டுத் தேய்ந்தவர்கள் பலர். அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பு கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநர் அலுவலகத்தில், அல்லது உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில், இன்றைய தேதிக்கு என்ன ஆணை இருக்கிறது என்று கேளுங்கள். விற்கிற ஊரின் நிலவரத்தையும் கேளுங்கள். போன மாதம் இன்னொருவர் கொண்டுவந்தார் என்பது இந்த மாதத்துக்குப் பதிலாகாது.

ஆணை எதுவும் இல்லாத சாதாரண நாளிலும் ஒரு விதி உண்டு. விலங்குகளை ஏற்றிச் செல்லும் விதிகள் 1978-இல் வந்தவை. 2001-இல் அவற்றில் பன்றிகளுக்கென்று தனி அத்தியாயம் சேர்த்தார்கள். ஒவ்வொரு லோடுக்கும் கால்நடை மருத்துவரின் சான்று கூடவே வர வேண்டும். பயணம் தாங்கும் நிலையில் இருக்கின்றன, தொற்றுநோயோ ஒட்டுண்ணி நோயோ இல்லை என்று அதில் இருக்க வேண்டும். சான்று இல்லாவிட்டால் ஏற்றிச் செல்பவர் லோடை மறுக்க வேண்டும். அனுப்புகிறவர், பெறுகிறவர் பெயரும் முகவரியும், எத்தனை பன்றி, என்ன வகை என்பதும் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். தரையில் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வைக்கோல் பரப்ப வேண்டும். இளம் ஆண்களைப் பெண்களோடு ஒரே அறையில் கலக்கக் கூடாது. காலைக் கட்டிப் போடக் கூடாது. நொண்டுவது, மெலிந்தது, கண் தெரியாதது, புதிதாகப் பிறந்தது, ஈன்று 72 மணி நேரம் ஆகாதது, வழியில் ஈன்றுவிடக் கூடியது எதையும் ஏற்றக் கூடாது. இதோடு மோட்டார் வாகன விதியில், 2016 முதல், ஒரு பன்றிக்கு 0.6 சதுர மீட்டர் என்று தடுப்பு போட்ட இடம் சொல்லியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது வதைத் தடுப்புக்காக எழுதியதாகத்தான் தோன்றும். உண்மையில் அதற்காகத்தான் எழுதினார்கள். ஆனால் நோய்க்கும் இதற்கும் நேரான உறவு உண்டு. பன்றிக்கு வியர்க்காது. வெயிலில் நெருக்கியடித்து ஏற்றினால் உடம்புச் சூடு ஏறும், ஒன்றையொன்று கடிக்கும், நெரிபடும். அந்த அலுப்பில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி இறங்கும். உள்ளே ஒளிந்திருந்த நோய் வெளியே வருவதும், நோயில்லாதது பக்கத்தில் நிற்பதிலிருந்து வாங்கிக்கொள்வதும் அந்தச் சில மணி நேரத்தில்தான். காலைக் கட்டி, மூட்டைபோல அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு மூடி வரும் வண்டிகளை இரவில் நெடுஞ்சாலையில் பார்த்திருக்கிறேன். அந்த வண்டியில் வரும் குட்டி என்ன விலை குறைவாகக் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம்.

இப்போது நோய். ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலை 1921-இல் கென்யாவில் முதலில் விவரித்து எழுதினார்கள். 2007-இல் ஜார்ஜியாவுக்கு வந்து அங்கிருந்து பரவியது. 2018-இல் சீனாவில் நுழைந்தது. 2020-இல் அசாமிலும் அருணாச்சலத்திலும் நம் நாட்டில் முதல்முறையாக உறுதியானது. மிசோரமில் 2021-ஆம் ஆண்டு மட்டும் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் செத்தன. 2022-இல் வயநாடு. 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் அடுத்தடுத்துச் செத்துக் கிடந்தன, பரிசோதனையில் இதே நோய். மனிதருக்கு இது வராது. 2009-இல் மனிதர்களிடம் பரவிய எச்1என்1 காய்ச்சலுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் பன்றிக்கு வந்தால் அநேகமாக எல்லாம் போகும். மருந்து கிடையாது. நம் நாட்டில் போடுவதற்குத் தடுப்பூசியும் கிடையாது.

பழைய பன்றிக்காய்ச்சலுக்கு ஊசி உண்டு. முயலில் வளர்த்து எடுத்த தடுப்பூசிதான் வெகுகாலம் இருந்தது, தேவைக்கு ஏற்பக் கிடைக்காது. 2020 பிப்ரவரியில் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் செல் வளர்ப்பு முறையில் ஒரு தடுப்பூசியை வெளியிட்டது. கோமாரிக்கும் பன்றிக்கு ஊசி போடலாம், போட வேண்டும். கோமாரி கண்ட பன்றி மூச்சில் வெளியே விடும் வைரஸ் மாடு விடுவதை விடப் பல மடங்கு. எங்கள் ஊரில் பால்மாடு இல்லாத வீடு குறைவு. பன்றி வளர்ப்பவர் கோமாரி ஊசியை விட்டால் தெருவில் இருக்கிற மாடு அத்தனைக்கும் ஆபத்து.

இங்கேதான் நான் “பேப்பர் மட்டும் போதாது” என்பதற்கான காரணம் வருகிறது. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் உடம்புக்குள் நுழைந்து அறிகுறி காட்டுவதற்கு 4 முதல் 19 நாள் வரை ஆகும். அந்த நாட்களில் குட்டி துள்ளும், தின்னும், பார்க்க லட்சணமாக இருக்கும். மருத்துவர் கண்ணால் பார்த்து, வெப்பம் அளந்து, நோய் இல்லை என்று எழுதினால் அவர் எழுதியது பொய்யில்லை. அன்றைக்கு, அந்தக் குட்டியிடம் அவர் கண்டது அதுதான். காய்ச்சலே வந்த பிறகும்கூட, காதும் வயிறும் சிவந்து, தீனி எடுக்காமல் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடக்கும்போதும், இது பழைய பன்றிக்காய்ச்சலா ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலா என்று கண்ணால் பிரிக்க முடியாது. மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் தெரியும். தென் மாநிலங்களுக்கான நோய் கண்டறியும் ஆய்வகம் பெங்களூரு ஹெப்பாளில் இருக்கிறது. கடைசி உறுதி போபாலில் இருக்கிற தேசிய ஆய்வகத்திலிருந்து வரும்.

அப்படியானால் சான்று எதற்கு? குட்டி எங்கிருந்து வந்தது என்று பின்னால் தேடிப் போக ஒரு வழி இருப்பதற்கு. விற்றவர் யார், எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை உருப்படி, எந்த மருத்துவர் பார்த்தார் என்ற அத்தனையும் ஒரு தாளில் இருந்தால், ஒரு தொழுவத்தில் நோய் வெடிக்கும்போது அதே நாளில் அங்கிருந்து குட்டி வாங்கிய மற்ற வீடுகளை உடனே எச்சரிக்க முடியும். ராத்திரி பிக்கப்பில் வந்த குட்டிக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. நோய் வந்தால் யாரைக் கேட்பது?

ஒருமுறை ஒரு வியாபாரி லோடோடு வந்து நின்றார். கையில் சான்று இருந்தது. அதில் உருப்படி எண்ணிக்கை இல்லை, ஆண் பெண் விவரம் இல்லை, தேதியை மட்டும் பேனாவால் அடித்துத் திருத்தியிருந்தது. குட்டிகளை எந்த மருத்துவரும் பார்க்கவில்லை என்று தெளிவாகத் தெரிந்தது. “எல்லாரும் இதைத்தான் வாங்கிக்கறாங்கம்மா” என்றார். வண்டியை வாசலுக்கு உள்ளேயே விடாமல் திருப்பி அனுப்பினேன். அவர் மேல் கோபம் ஒரு பக்கம். பார்க்காமலே சான்று கொடுக்கிறவர்கள் மேல்தான் எனக்கு அதைவிடப் பெரிய கோபம். பன்றி என்றால் பட்டிக்குள் இறங்கிப் பார்க்கத் தயங்குகிறவர்கள் அந்த வேலையை ஏற்கவே கூடாது. நல்லபடியாக வேலை செய்கிற மருத்துவர்களும் உண்டு. சேற்றில் இறங்கி ஒவ்வொன்றாக வெப்பம் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் எழுதிய தாளின் மதிப்பையும் மற்றவர்கள் கெடுக்கிறார்கள்.

நான் வெளியிலிருந்து பெண் குட்டி எடுக்கும் முறையைச் சொல்கிறேன். முடிந்தவரை மாநிலத்துக்குள்ளேயே தேடுவேன். காட்டுப்பாக்கத்தில் இருக்கிற கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் பிறப்பு விவரம், ஊசி விவரம் எழுத்தில் கிடைக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் வாங்க வேண்டி வந்தால், லோடு எடுக்கும் நாளுக்கு வெகு முன்பே ஒருமுறை போய்ப் பார்ப்பேன். போகும்போது என் பண்ணையில் போடும் செருப்பைப் போட்டுப் போவதில்லை. திரும்பி வந்து குளித்து உடை மாற்றாமல் என் தொழுவத்துக்குள் போவதில்லை. விற்கிறவரிடம் கேட்பது சில கேள்விகள்தான். கடைசியாக எப்போது வெளியிலிருந்து பன்றி வந்தது? என்ன தீனி? சமீபத்தில் எது செத்தது, ஏன்? பக்கத்தில் காட்டுப்பன்றி வருமா? செத்ததே இல்லை என்று சொல்பவரிடம் நான் வாங்குவதில்லை. பன்றி வளர்த்தால் குட்டி சாவது உண்டு. என்னவென்று சொல்பவர்தான் கவனித்திருக்கிறார்.

பேசி முடிந்தால் பன்றிக்காய்ச்சல் ஊசியை அங்கேயே போடச் சொல்லி, இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் எடுப்பேன். ஊசி வேலை செய்ய நேரம் வேண்டும். வண்டி விடியற்காலையில் கிளம்பும். ஏற்றும் முன் வயிறு முட்டத் தீனி கூடாது, தண்ணீர் வேண்டும். வண்டியை முந்தின நாளே சாணம் ஒட்டாமல் பிரஷ் போட்டுக் கழுவி, 2 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசல் தெளித்துக் காயவிட்டிருக்க வேண்டும். அழுக்கின் மேல் மருந்து தெளிப்பது வீண், முதலில் கழுவல், பிறகுதான் மருந்து. இது கையையும் கண்ணையும் எரிக்கும், கையுறையும் பூட்ஸும் இல்லாமல் யாரும் தொடக் கூடாது.

வந்த குட்டிகள் நேராகத் தொழுவத்துக்குள் வராது. நிலத்தின் மறுகோடியில் தனிக் கொட்டகை இருக்கிறது, அங்கே 30 நாள். 19 நாள் அடைகாலத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்றுதான் இந்தக் கணக்கு. அந்தக் கொட்டகைக்கு வாளி தனி, மண்வெட்டி தனி, பூட்ஸ் தனி. காலையில் முதலில் பழைய பன்றிகளுக்குத் தீனி, கடைசியில்தான் புதியவற்றுக்கு. ஒருபோதும் மாற்றி இல்லை. தினமும் தீனி எடுத்ததா, எழுந்து வந்ததா என்று குறிப்பு. ஒன்று சுருண்டு படுத்தால் அன்றே மருத்துவருக்கு போன்.

சிறு விவசாயியால் 30 நாள் தனிக் கொட்டகை வைக்க முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான்கு கம்பமும் தென்னங்கீற்றும் போதும், இடைவெளிதான் முக்கியம். இடமே இல்லாதவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரு கொட்டகை போட்டுக்கொள்ளலாம், ஆனால் ஒரே நேரத்தில் உள்ளே விட்டு ஒரே நேரத்தில் வெளியே எடுக்க வேண்டும். ஒருவர் குட்டி பத்தாம் நாளில் இருக்கும்போது இன்னொருவர் புதிதாகக் கொண்டுவந்து விட்டால் எண்ணிக்கை மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும்.

தீனியைப் பற்றிச் சொல்லாமல் எல்லையைப் பற்றி மட்டும் பேசினால் பாதிதான். ஓசூரைச் சுற்றி ஓட்டல் மிச்சம், கம்பெனி கேன்டீன் மிச்சம் வாங்கித்தான் பலர் பன்றி வளர்க்கிறார்கள். தீனிச் செலவு குறைகிறது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த டிரம்முக்குள் பன்றி இறைச்சித் துண்டு எந்த ஊரிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? இந்த வைரஸ் உறைய வைத்த இறைச்சியில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். 1957-இல் போர்ச்சுகலுக்குள் இந்த நோய் நுழைந்தது லிஸ்பன் விமான நிலையத்து உணவு மிச்சத்தைப் பக்கத்துப் பன்றிகளுக்குப் போட்டதால். ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து அதை விரட்ட முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. உயிருள்ள ஒரு பன்றிகூட எல்லை தாண்டாமலே நோய் தாண்டியது. உலக விலங்கு சுகாதார அமைப்பு சொல்லும் அளவு, 90 டிகிரியில் 60 நிமிடம், விடாமல் கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும். ஒரு கொதி வந்ததும் இறக்குவது காய்ச்சுவது ஆகாது. விறகுச் செலவு ஆகும்தான். அந்தச் செலவை முதலிலேயே தீனிக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் கேன்டீன் மிச்சம் உண்மையில் மலிவான தீனி இல்லை.

காடும் ஒரு எல்லைதான். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கத்துக் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் அந்தப் பக்கம் கர்நாடகக் காடுகளோடு சேர்ந்தே கிடக்கிறது. காட்டுப்பன்றிக்கு எந்தச் சாவடியும் இல்லை. செத்த பன்றியை ஓடையிலோ காட்டோரத்திலோ வீசினால் காட்டுக்கு நோய் போகும், காட்டிலிருந்து இன்னொரு ஊருக்கு வரும். செத்ததை ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும்.

இனி, எனக்கு மிகவும் நெஞ்சில் உறுத்துகிற விஷயம். நோய் எல்லை தாண்டுவதற்கு விலை ஒரு காரணம், சோம்பல் ஒரு காரணம். பெரிய காரணம் மறைப்பு. ஏன் மறைக்கிறார்கள்? பன்றி வளர்ப்பதே கேவலம் என்று ஊர் நினைப்பதால். மாடு நோயில் படுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து விசாரிப்பார். பன்றி படுத்தால், “இதான் சாக்கு, முதல்ல இதை ஊரை விட்டுத் துரத்துங்க” என்று மனு எழுதுவார்கள். தெருவில் மேயவிட்டு நாட்டுப்பன்றி வளர்க்கிற குடும்பங்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கின்றன. தலைமுறையாக அந்தத் தொழிலைச் செய்கிறவர்கள், பன்றியைப் பற்றி என்னை விட நூறு மடங்கு தெரிந்தவர்கள். அவர்களில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: “காய்ச்சல்னு டாக்டர்கிட்ட சொன்னா, நாளைக்கே எங்க பன்னியைப் புடிச்சிட்டுப் போயிடுவாங்க சாமி. சொல்லாம வித்துட்டா அரைக் காசாவது தேறும்.”

அவர் அப்படி நினைப்பதற்கு அவரிடம் அனுபவம் இருக்கிறது. அதை நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அந்த அரைக் காசுக்கு விற்ற பன்றிதான் ராத்திரி பிக்கப்பில் ஏறுகிறது. காய்ச்சல் வந்த முதல் நாளில் அவசரமாக விற்றதுதான் அடுத்த மாநிலத்தில் முதல் சாவு. அவருக்குச் சொல்லப்படாத இன்னொரு செய்தி உண்டு. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் உறுதியானால் தேசியச் செயல்திட்டப்படி 1 கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற பன்றிகளை அரசு அழிக்கும், 10 கிலோமீட்டர் வரை கண்காணிக்கும். அப்படி அழிக்கப்படும் பன்றிக்கு இழப்பீடு உண்டு, மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி. கேரளத்தில் 2022-இல் கொடுத்த கணக்கு: 15 கிலோ வரை 2,200 ரூபாய், 40 கிலோ வரை 5,800, 70 கிலோ வரை 8,400, 100 கிலோ வரை 12,000, அதற்கு மேல் 15,000. இழப்பீடு அழித்ததற்குத்தான், நோயில் தானாகச் செத்ததற்கு இல்லை. மறைத்து வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் இழப்பீடு கிடைக்கக்கூடிய பன்றி செத்துக் கொண்டிருக்கிறது. இதை அந்தப் பெரியவரிடம் அதிகாரிகள் யாரும் வந்து சொன்னதில்லை. மனு எழுதுகிறவர்களும் சொல்லப்போவதில்லை.

2019 கணக்கெடுப்பில் நாட்டில் 90.6 லட்சம் பன்றிகள். 2012-ஐ விட 12 சதவீதம் குறைவு. தொழிலை விட்டு வெளியேறியவர்களில் பெரும்பாலோர் இப்படி இரண்டு மூன்று பன்றி வைத்திருந்தவர்கள் என்றே நினைக்கிறேன். என்னைப் போல வேலி போட்டு வளர்ப்பவர்களுக்கு ஒரு நோயிலிருந்து எழுந்து நிற்கக் கொஞ்சம் வழி இருக்கிறது. அவர்களுக்கு அதுவே முடிவு. அதனால் விதியைக் கடைப்பிடிக்கும் பொறுப்பு எங்களுக்குத்தான் அதிகம். வெளியூரிலிருந்து குட்டி வாங்கிக் குவிப்பது நாங்கள்தான், அவர்கள் இல்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் கால்நடையோடு பழைய உறவு. 1824-இல் தொடங்கிய அரசுக் கால்நடைப் பண்ணை ஓசூரில் இருக்கிறது, மத்திகிரியில் கோழியின அறிவியலுக்கென்று ஒரு கல்லூரியே இருக்கிறது. இவ்வளவு இருக்கிற இடத்தில் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. எல்லையோர ஊராட்சி அலுவலகங்களில், வேப்பனப்பள்ளி, பேரிகை, பாகலூர், தளி, வரட்டனப்பள்ளி எங்கும், ஒரு பலகை வையுங்கள். இன்றைக்குப் பன்றி கொண்டுவரத் தடை உண்டா இல்லையா, எந்தச் சான்று வேண்டும், காய்ச்சல் கண்டால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது, அழித்தால் எவ்வளவு இழப்பீடு என்று தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதுங்கள். ஆணை மாறும் அன்றே பலகையும் மாறட்டும். குப்பத்து மருத்துவரும் எங்கள் மருத்துவரும் ஒருவர் எண்ணை ஒருவர் வைத்துக்கொண்டு, அங்கே ஒரு தொழுவத்தில் சாவு விழுந்தால் அன்று மாலைக்குள் இங்கே சொல்லட்டும். பலகைக்கான பெயின்ட் செலவை எங்கள் பக்கத்துப் பன்றி வளர்ப்பவர்கள் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்று அடுத்த கிராம சபையில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். உங்கள் ஊரும் எல்லையில் இருந்தால் நீங்களும் எழுதிக் கொடுங்கள்.